ஆறாம் தரம் காய்ச்சிய பியர்

ஸ்காபரோ, கனடா
2 ஏப்ரல் 2023

ஷெரோன் மச்சாளுக்கு,

மச்சாள் என்று எழுதலாமா என்று யோசித்து இரண்டு கடதாசிகளைக் கிழித்துப்போட்டேன். உங்கள் தம்பியின் மனைவி நான். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நிருஷன் இறந்த மூன்றாம் நாளே என் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்துவிட்டீர்கள். மார்கழியில் நீங்கள் இவருக்கு அனுப்பிய பொதியின் மேலே உங்கள் குருநகர் விலாசம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். இவர் வீட்டின் நிலக்கீழ் அறையில் பியர் காய்ச்சுவார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருடமாக ஒரே ஒரு பியரைத்தான் திரும்பத் திரும்பக் காய்ச்சினார். கறுப்பு நிறம். ஆனால் வாயில் வைத்தால் ஹொப்ஸ் பூவின் கைப்பும் வாசமும் முன்னுக்கு நிற்க வேண்டும். ஹொப்ஸ் என்பது இங்கே கொடியில் பூக்கிற ஒரு பச்சைப் பூ, தோடம்பழத் தோலைக் கிள்ளினால் வருகிற மாதிரி மணக்கும். முதல் ஐந்து தரமும் போட்ட சாமான் கொப்பியில் கிராம் கணக்காக எழுதியிருக்கிறது. ஆறாம் தரத்துக்கு ஒரு வரிதான்: “அக்கா அனுப்பின சாமான், எல்லாம்.”

நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? எவ்வளவு? நான் அதை ஒரு தரம் காய்ச்ச வேண்டும். வருகிற மாசி நாலாம் திகதி, இவர் இறந்து ஆண்டு முடிகிற நாளில், இவருடைய சிநேகிதர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இவர் குடித்துவிட்டுக் கார் ஓடினார் என்று அங்கே கதை போவதாகக் கேள்விப்பட்டேன். அது பொய்.

கோபிகா

*

குருநகர், யாழ்ப்பாணம்
1 மே 2023

கோபிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் தம்பி போய் மூன்று மாதமாகவில்லை, நீங்கள் பியருக்குச் சாமான் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வாசித்துவிட்டு மருந்துக்கடையில் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அப்பாவின் தம்பி கசிப்புச் சாராயம் குடித்து முப்பத்தோராவது வயதில் செத்தவர். அன்றிலிருந்து செபமாலை என்கிற எங்கள் அப்பாவின் வீட்டில் ஒரு சொட்டு மதுவும் இல்லை. எங்கள் கோயில் பங்கில் எல்லோருக்கும் அது தெரியும். அப்படிப்பட்ட அப்பாவிடம் போன ஐப்பசியில் பூசை முடிந்து வருகிறபோது யாரோ கைத்தொலைபேசியை நீட்டி முகநூல் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில், கறுப்புப் பியரைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிருஷன். அப்பா அன்றே கோல் எடுக்கச் சொன்னார். “நீ உந்தப் பியரைக் காய்ச்சிறமட்டும் எனக்கு மகன் எண்டு ஒருத்தன் இல்லை” என்றார். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் கதைக்கவேயில்லை. மூன்று மாதத்தில் சாவுச் செய்தி வந்தது.

கலியாணத்தைக் கோயிலில் செய்யாமல் பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்தீர்கள். சரி, அதை விடுவோம். கடைசியில் எங்கள் பிள்ளையை எரித்தும் விட்டீர்கள். எங்கள் சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இனி எழுத வேண்டாம். ஆனால் அவன் குடிக்கவில்லை என்பதற்கு எழுத்தில் ஏதும் இருந்தால் அதை மட்டும் அனுப்புங்கள். அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

ஷெரோன்

*

ஸ்காபரோ
11 யூன் 2023

மச்சாள்,

பொலிஸ் அறிக்கையின் பிரதியும், மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட்ட தமிழ்ப் பிரதியும் இத்துடன் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். இரத்தத்தில் மதுசாரம் இல்லை. காலை ஒன்பது நாற்பது. வீதியில் உறைபனி. எதிரே வந்த பாரவண்டி வழுக்கி இவருடைய பக்கத்துக்கு வந்தது. இவர் வேகமாகவும் ஓடவில்லை. பியருக்கு மோல்ற், அதுதான் முளைவிட்ட பார்லி, விற்கிற கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இவர் எவ்வளவு குடிப்பார் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அரைக் கிளாஸ். அதற்கு மேல் நான் கண்டதில்லை. அந்த அரைக் கிளாஸை ஒரு மணித்தியாலம் வைத்துக்கொண்டிருப்பார், மணந்து பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், கொப்பியில் எழுதுவார். பேக்கரியில் பாணுக்கு ஈஸ்ற் போட்டுப் போட்டுத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. முதலாம் தரம் காய்ச்சியதற்குக் கீழே “கரிக்கட்டி” என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் தரம், “கறுப்பின் கைப்பும் பூவின் கைப்பும் அடிபடுகின்றன.” ஐந்தாம் தரம், “கறுப்புச் சாமானைக் கொதிக்க வைக்கிறதுதான் பிழையோ? பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்து, அந்தச் சாற்றைக் கடைசியில் ஊற்றினால்?”

எரித்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த மூன்று நாளும் உங்களுக்குப் பதினொரு தரம் அழைத்தேன், மச்சாள். யாரும் எடுக்கவில்லை. சுன்னாகத்தில் எங்கள் சைவ வீட்டில் செய்வதுதான் எனக்குத் தெரிந்த முறை. அதைச் செய்தேன். பிழை என்றால் மன்னியுங்கள். சாம்பல் என்னிடம்தான் இருக்கிறது. எந்த ஆற்றிலும் கரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோபிகா

*

குருநகர்
20 யூலை 2023

கோபிகா,

அறிக்கையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மதுசாரம் இல்லை என்ற இடத்தில் “திருப்பி வாசி” என்றார். வாசித்தேன். “இன்னொருக்கா” என்றார். பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கரையில் வலை பொத்துகிற இடத்தில் போய், படம் காட்டிய ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “என்ரை மோன் குடிச்சுப்போட்டுச் சாகேல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அவர் எனக்கு அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜெயகௌரி அக்கா சொன்னார்.

அதனால் நீர் கேட்டதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் மருந்துக்கடைத் தராசில் நிறுத்தேன், பிழை வராது.

குரக்கன் தானியம் வறுத்தது, 300 கிராம். நாரத்தங்காய்த் தோல், வெள்ளையை வழித்தெடுத்து நிழலில் காய வைத்தது, 40 கிராம். பனங்கட்டி, 500 கிராம்.

குரக்கன்தான் வில்லங்கம். “அக்கா, கோப்பியைவிடக் கறுப்பு, கரியைவிட வெள்ளை” என்றான். அப்பாவுக்குத் தெரியாமல் ஜெயகௌரி அக்காவின் குசினியில் வறுத்தேன். முதல் சட்டி எரிந்துபோய்விட்டது. இரண்டாவதை மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் கை எடுக்காமல் பிரட்டினேன். கைத்தொலைபேசியில் நிறத்தைக் காட்டக் காட்ட “இன்னும், இன்னும், நிப்பாட்டு!” என்று அங்கிருந்து கத்தினான். அந்த ஒரு மணித்தியாலம்போல அவனோடு நான் சிரித்துக் கதைத்து எத்தனையோ வருடம்.

ஒன்று கேட்க வேண்டும். மாசி மூன்றாம் திகதி அவன் அனுப்பிய குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. “அக்கா, இந்தமுறை சரி வந்திட்டுது! சத்தியமாச் சரி வந்திட்டுது! நாளைக்குப் போத்திலிலை அடைக்கப்போறன்” என்கிறான். அப்படியென்றால் இருபது லீற்றர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பியர் எங்கே? அது இருக்கும்போது நீர் ஏன் புதிதாகக் காய்ச்சப் பாடுபடுகிறீர்?

ஷெரோன்

*

ஸ்காபரோ
17 செப்ரெம்பர் 2023

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் என்னை நெருக்கமாக ‘நீர்’ என்று எழுதியதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். இதை எழுதலாமோ தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

போன மாதம் ஏழாம் தரம் காய்ச்சினேன். பேக்கரியில் இவருடன் வேலை செய்த லெனாட் அண்ணை வந்து உதவினார். மோல்ற்றைச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு வடித்தோம். பிறகு பெரிய கிடாரத்தில் கொதி. கொதி எழும்பும்போது ஹொப்ஸில் முதல் பங்கு, அது கைப்புக்கு. இறக்கும்போது மிச்சம், அது வாசத்துக்கு. ஆவி எழும்பி அந்த அறையின் சின்ன யன்னல் முழுதும் நனைந்தது. இவருடைய சேட்டுகளில் ஒரு வருடமாக இருந்த மணம் அதுதான். லெனாட் அண்ணை வெளியே போய் நின்றார், சிகரெட் பத்த என்று. அவர் சிகரெட் பத்துவதில்லை.

பியர் பிழைத்துவிட்டது. இங்கே தமிழ்க் கடையில் வாங்கிய குரக்கனை நான் அவண் அடுப்பில் வறுத்தேன். அவசரத்தில் இவர் எழுதியதை மறந்து அதைக் கொதிக்கிற கிடாரத்துக்குள்ளேயே போட்டுவிட்டேன். மூன்று கிழமை கழித்துத் திறந்து பார்த்தால் சாம்பலைக் கரைத்த மாதிரி இருந்தது. அந்தச் சொல்லை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். இப்போது வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

நீங்கள் வறுத்த மாதிரி எனக்கு வராது. குரக்கனும் நாரத்தங்காய்த் தோலும் பனங்கட்டியும் திரும்ப அனுப்ப முடியுமா? மாமாவுக்குத் தெரியாமல்தான் என்றால் வேண்டாம்.

ஆறாம் தரத்துப் பியர் இல்லை, மச்சாள். அது இப்போது இல்லை.

கோபிகா

*

குருநகர்
22 ஒக்ரோபர் 2023

கோபிகா,

பொதி அனுப்பியாயிற்று. மூன்றும் வேறு வேறு பையில், பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். தபால் கந்தோரில் வேலை செய்கிற பெண் குரக்கன் பையை மணந்து பார்த்து “இது என்ன, கோப்பியோ?” என்றார். “மருந்து” என்று சொல்லிவிட்டேன்.

இந்தமுறை எங்கள் குசினியிலேயே வறுத்தேன். மணத்துக்கு அப்பா வந்து வாசலில் நின்றார்.

“என்ன கருகுது?”

“குரக்கன்.”

“ஆருக்கு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “கோபிகாவுக்கு. நிருஷன் காய்ச்சினதை அவள் திருப்பிக் காய்ச்சிறாளாம்.”

அப்பா உள்ளே காலெடுத்து வைத்தார். சட்டியைத் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். “நெருப்பைக் குறை. அடி பிடிக்குது” என்றார். பிறகு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, நான் இறக்குமட்டும் அங்கேயே இருந்தார். இறக்கியதும் இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுருங்கியது. துப்பவில்லை.

நான் கேட்டதற்கு நீர் பதில் எழுதவில்லை. ‘இப்போது இல்லை’ என்றால் என்ன? யாரும் குடித்து முடித்தார்களா? செத்த வீட்டுக்கு வந்தவர்களா? உண்மையை எழுதும். அதை அறியாமல் என்னால் இனி எழுத முடியாது.

ஷெரோன்

*

ஸ்காபரோ
3 டிசெம்பர் 2023

மச்சாள்,

இதை எழுதினால் நீங்கள் இனி எனக்கு எழுதமாட்டீர்கள். எழுதாவிட்டாலும் எழுதமாட்டீர்கள் என்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

போன தை நாலாம் திகதி சுன்னாகத்தில் என் அம்மா, பராசக்தி, செத்துப்போனார். உங்கள் வீட்டுக்கு அது தெரிந்திருக்காது. நான் போவதற்கு ரிக்கற் பார்த்தேன். அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், “அவள் வரவேண்டாம்” என்று. நிருஷனைக் கட்டிய நாளிலிருந்து எங்கள் அப்பா தியாகராசாவுக்கு மகள் இல்லை. உங்கள் அப்பாவுக்கு மகன் இல்லாமல் போனதுபோலத்தான். அம்மாவின் செத்த வீட்டை என் அண்ணை மயூரதன் அனுப்பிய நாலு படத்தில் பார்த்தேன்.

அந்த மாதம் முழுதும் இவர் கீழேதான் இருந்தார். என்னிடம் என்ன சொல்வதென்று இவருக்குத் தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. நான் மேலே அழுதுகொண்டிருக்க இவர் கீழே நாரத்தங்காய்த் தோல் வெட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மாசி மூன்று, அம்மா செத்து முப்பத்தொன்றாம் நாள். அங்கே அந்தியேட்டிக் கிரியை. இங்கே நான் ஒரு விளக்கை ஏற்றி, ஒரு பிடி சோறு வைத்துவிட்டு இருந்தேன். கீழேயிருந்து இவருடைய சத்தம் கேட்டது. “சரி வந்திட்டுது! சத்தியமாச் சரி வந்திட்டுது!” சிரிப்பு. உங்களுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார்.

படியால் இறங்கிப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பீப்பாவின் குழாயைத் திறந்துவிட்டேன். நிலத்தில் தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிறது. இருபது லீற்றரும் போவதற்குக் கனநேரம் எடுத்தது. இவர் நினைத்திருந்தால் மூடியிருக்கலாம், கையெட்டும் தூரத்தில்தான் நின்றார். மூடவில்லை. கறுப்பு நுரை முழுவதும் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “பரவாயில்லை. திருப்பிக் காய்ச்சலாம்” என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை மோல்ற் வாங்கப் புறப்பட்டார்.

நான் ஊற்றாமல் விட்டிருந்தால் அந்த வீதியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

இதுதான் நீங்கள் கேட்ட பதில். மாமாவுக்கு வாசித்துக் காட்டுவதென்றால் காட்டுங்கள்.

கோபிகா

*

குருநகர்
11 பெப்ரவரி 2024

கோபிகா,

உம்முடைய கடிதம் நத்தாருக்கு நாலு நாள் முந்தி வந்தது. பதில் எழுத ஏழு கிழமை எடுத்திருக்கிறேன். கோபத்தால் அல்ல. கடைசிவரை வாசியும்.

நீர் பியரை ஊற்றியது எனக்கு முன்னமே தெரியும்.

அன்று உமது நாட்டில் இரவு, இங்கே விடிந்து நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், நிருஷன் எனக்குக் கோல் எடுத்தான். “கோபிகா எல்லாத்தையும் ஊத்திப்போட்டாள், அக்கா” என்றான். “அவளின்ரை அம்மாவின்ரை முப்பத்தொண்டு இண்டைக்கு. நான் மறந்துபோய்ச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். என்னிலைதான் பிழை.” அவன் உம்மில் கோபிக்கவில்லை. கோபித்தது நான். நான் முக்கால் மணித்தியாலம் நின்று வறுத்தது, அப்பாவுக்கு ஒளித்து வறுத்தது, அதை ஓட்டைக்குள் ஊற்ற இவள் ஆர் என்று கத்தினேன். “நீ ஆம்பிளையோ? நாளைக்கே சாமான் வாங்கித் திருப்பிக் காய்ச்சு, அவளுக்குக் காட்டு” என்றேன். அவன் சொன்னான், “றோட்டெல்லாம் ஐஸ் அக்கா, அடுத்த கிழமை பாப்பம்” என்று. நான் விடவில்லை. “உனக்குப் பயம்” என்றேன். “சரி, சரி, நாளைக்குப் போறன்” என்றான். அதுதான் அவன் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

உமது பதினொரு அழைப்பையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்தால் நீர் “ஏன் போனவர்?” என்று கேட்பீர் என்று பயந்தேன். அதனால்தான் தடுத்தேன். எரித்ததற்காக உமக்கு எழுதினேனே, எரிக்க விட்டதும் நான்தான்.

பியர் எங்கே, எங்கே என்று தெரிந்துகொண்டே உம்மைக் கேட்டேன். உமது வாயால் வந்துவிட்டால் என் பங்கு குறையும் என்று நினைத்தேன். கடிதம் வந்தது. குறையவில்லை. மருந்துக்கடையில் நோயாளிக்கு மாறி மருந்து கொடுத்தவள்போல ஒரு வருடமாகத் திரிகிறேன்.

போன ஞாயிறு ஆண்டுத் திருப்பலி. அப்பா தானே போய்ப் பங்குச் சுவாமியிடம் நிருஷனின் பெயர் கொடுத்திருக்கிறார். பெயர் வாசித்தபோது எல்லோரும் இருந்தார்கள், அப்பா மட்டும் எழும்பி நின்றார். இந்த இரண்டு கடிதத்தில் உள்ளதையும் அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வந்தால் என்னுடையதைத்தான் முதலில் சொல்வேன்.

ஷெரோன்

*

ஸ்காபரோ
10 மார்ச் 2024

மச்சாள்,

வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பொய் எழுத மாட்டேன், முதலில் கோபம் வந்தது. ஒரு வருடம் நான் ஒருத்தியாகச் சுமந்ததை நீங்கள் அங்கே இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இனி எழுதுவதில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் திரும்ப எடுத்து வாசித்தேன். “என்னிலைதான் பிழை” என்று இவர் உங்களிடம் சொன்னாரா? என்னிடம் “பரவாயில்லை” என்று மட்டும்தான் சொன்னார். அன்று இருவரும் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. காலையில் நான் நித்திரைபோலக் கிடந்தேன், இவர் போய்விட்டார். என் அம்மாவின் முப்பத்தொன்றை இவர் நினைத்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். நீங்கள் எழுதியதால் தெரிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டாம் தரம் காய்ச்சினேன். உங்கள் குரக்கனை அரைத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, வடித்த சாற்றைக் கிடாரம் இறக்குகிற நேரம் ஊற்றினேன். கறுப்பு வந்தது, கரி வரவில்லை. போத்தலில் அடைக்க நாலு நாள் முன்னம் பீப்பாவுக்குள் இன்னும் ஒரு பங்கு ஹொப்ஸும் உங்கள் நாரத்தங்காய்த் தோலும் போட்டேன். ஆண்டு முடிவன்று லெனாட் அண்ணையும் மூன்று பேரும் வந்தார்கள். “நல்லாயிருக்குத் தங்கச்சி” என்றார் லெனாட் அண்ணை. “ஆறாம் தரத்தது மாதிரியோ?” என்று கேட்டேன். “நான் அதைக் குடிக்கேல்லையே” என்றார். அந்தப் பியர் அடைக்க முன்னமே ஓட்டைக்குள் போய்விட்டதால் அதை வாயில் வைத்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். நான் ஊற்றினேனே தவிர ஒரு சொட்டு நக்கிப் பார்க்கவில்லை.

இது சரியா பிழையா என்று சொல்ல இனி ஆளில்லை, மச்சாள்.

வைகாசி பத்தாம் திகதி கொழும்புக்கு வருகிறேன். இவரைக் கொண்டுவருகிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உடுப்புக்குள் சுற்றி இரண்டு போத்தலும் கொண்டுவரலாமா? மாமா வேண்டாம் என்றால் கொண்டுவரவில்லை.

கோபிகா

*

குருநகர்
16 யூன் 2024

அன்புள்ள கோபிகா,

நீர் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக லெனாட் எங்கள் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினார். நீரும் நானும் இனித் தொலைபேசியில் கதைக்கலாம்தான். ஆனால் கடிதத்தில் எழுதுகிற அளவுக்கு எனக்கு வாயால் வருவதில்லை என்று நீர் இங்கே நின்ற ஒன்பது நாளிலும் பார்த்திருப்பீர்.

சேமக்காலையில் சுவாமி ஆசீர்வதித்து முடிந்ததும் அப்பா தன் கையால் மண் போட்டாரே, அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அங்கே போகிறார். நீர் நட்ட செவ்வரத்தை பிடித்துவிட்டது. சுன்னாகத்தில் உங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றோமே, அதைப் பற்றித் திரும்பி வரும்போது நாங்கள் கதைக்கவில்லை. உமது அப்பா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்ததை நான் கண்டேன். நீர் கண்டீரோ தெரியாது. கதவு திறக்கவில்லை, ஆனால் பார்த்தார்.

என் பங்கை அப்பாவிடம் சொன்னேன். நீர் போன மறுநாள். “நான் அவனை மகன் இல்லை எண்டனான். நீ போடா எண்டனி. அவள் ஊத்தினவள். ஆரை ஆர் கேக்கிறது?” என்றார். உம்முடையதையும் உமது அனுமதி இல்லாமல் சொல்லிவிட்டேன். அவர் உம்மில் கோபிக்கவில்லை.

நீர் நின்றபோது அப்பா போத்தலைத் தொடவில்லை அல்லவா. இன்று மதியம் சாப்பிட்ட பிறகு, “அதைக் கொண்டா” என்றார். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கட்டா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். தானே மூடியைக் கழற்றினார். நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. பால் பொங்கிய அடுப்பைப் பார்க்கிற மாதிரிப் பயந்துபோய்ப் பார்த்தார். அடங்கும்வரை பொறுத்திருந்து, தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, நின்றுகொண்டே ஒரு மிடறு குடித்தார்.

“கைக்குது” என்றார்.

பிறகு இன்னொரு மிடறு. வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினார். “கைச்சு முடிய ஒரு மணம் வருது. நாரத்தங்காய்.”

“ஓம் அப்பா.”

தம்ளரை மேசையில் வைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் அப்படியே வழிந்தது. “அவன் இதைக் குளிராக் குடிச்சவனோ, இப்பிடியே குடிச்சவனோ?” என்று கேட்டார்.

பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போன பிள்ளை. பிறகு அவன் என்ன குடித்தான், எப்படிக் குடித்தான், எந்தக் கையால் கிளாஸைப் பிடித்தான் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. “கோபிகாவுக்குத் தெரியும்” என்றேன்.

“அப்ப அவளைக் கேட்டு எழுது” என்றார். மற்றப் போத்தலை உமது பதில் வருமட்டும் திறக்கமாட்டாராம்.

எழுதும்.

உம்முடைய மச்சாள்,
ஷெரோன்